செம்மரப் பொம்மையை வெளிநாட்டு விருந்தினருக்குக் கொடுக்கலாமா?

ஆந்திராவின் நகரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், விட்டுவிடுகிறேன். மா விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்றில் அவர் இயக்குநர். இரண்டு மாதத்தில் அவர்களுடைய மாங்கூழ் ஆலையைப் பார்க்க ஐந்து வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள். ஆஸ்திரேலிய மாநிலம் ஒன்றின் அமைச்சரும் அவர் மனைவியும், அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரி ஒருவர், ஜெர்மனியிலிருந்து ஒரு நகரத்தின் மேயரும் அவருடைய அதிகாரியும். இவர்களுக்கு நம் பக்கத்துக் கைவினைப் பொருளாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று போர்டில் முடிவாகி, பொறுப்பை இந்தச் சகோதரியிடம் விட்டிருக்கிறார்கள். ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாமாம்.

போர்டில் வந்த யோசனைகள் இவை. எல்லோருக்கும் திருப்பதியிலிருந்து செம்மரத்தில் செய்த மரப்பாச்சி ஒரு ஜோடி, கூடவே திருப்பதி லட்டு. அமைச்சருக்கு மட்டும் தனியாக, கம்பெனித் தலைவர் தன் வீட்டில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கும் பித்தளைக் குத்துவிளக்கைத் தருகிறேன் என்கிறார். அமைச்சரின் மனைவிக்கு ஜரிகைப் பட்டு. “மாமல்லபுரத்துக்குச் சீன அதிபர் வந்தபோது ஆளுயர விளக்கே கொடுத்தார்களே, நாம் மட்டும் ஏன் குறைக்கவேண்டும்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். “இவர்களெல்லாம் தூதரக ஆட்கள், பெட்டியை யாரும் திறக்கமாட்டார்கள்” என்று இன்னொருவர் தைரியம் சொல்லியிருக்கிறார். சகோதரியின் கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்: “எங்க ஊரு பொருள் அவங்க வீட்டு ஷோகேஸ்ல இருக்கணும்னு ஆசை. ஆனா கொடுத்துட்டு அசிங்கப்படக் கூடாது. சட்டப்படி எது சரின்னு சொல்லுங்க.”

அன்புள்ள சகோதரிக்கு,

பொன்னாடை போர்த்தி, பரிசைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்ததும் நம் வேலை முடிந்தது என்று நாம் நினைத்துவிடுகிறோம். வாங்கியவருக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பொருள் சென்னை விமான நிலையத்தைத் தாண்டவேண்டும். அப்புறம் அவர் நாட்டுச் சுங்கத்தைத் தாண்டவேண்டும். அதன் பிறகு அவர் அலுவலகத்தின் பரிசுப் பதிவேட்டில் ஏறவேண்டும். மூன்று இடத்திலும் அவர் கூசாமல் எடுத்துக் காட்டக்கூடிய பொருளாக இருந்தால்தான் அது ஷோகேஸ் வரை போகும். உங்கள் பட்டியலில் பாதி முதல் வாசலிலேயே நின்றுவிடும்.

மரப்பாச்சி

இதைச் சொல்ல எனக்கே மனசில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு ஜோடி இருக்கிறது, அம்மாவுக்குக் கல்யாணச் சீரில் வந்தது. ஒரு சாண் உயரம். ராஜா பொம்மையின் மூக்கு மழுங்கிப்போயிருக்கும். பல் முளைக்கும்போது நாங்கள் நாலு பிள்ளைகளும் கடித்த மூக்கு அது. குழந்தைக்கு உடம்பில் எங்காவது தடித்தால் பாட்டி அந்தப் பொம்மையின் அடிப்பாகத்தைச் சந்தனக் கல்லில் உரசி, செக்கச்செவேலென்று வரும் விழுதைத் தடவிவிடுவார். உரசி உரசி ராணியின் பாதம் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது. கொலுவில் பின்னால் ஒரு டப்பாவை முட்டுக் கொடுத்துத்தான் இன்றும் நிறுத்துகிறோம். நம் பக்கத்தை ஒரு பொருளில் காட்டு என்று என்னைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் செம்மரம் இன்று சாதாரண மரமில்லை. சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா என்று நம் கண்ணுக்கு எட்டுகிற மலைகளில்தான் அது இயற்கையாக வளர்கிறது. உலகில் வேறெங்கும் காடாக இல்லை. வெட்டிக் கடத்தியே அழிந்துகொண்டிருப்பதால் 1995 முதல் அது சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்த 180-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கும் ஒப்பந்தம் இது. இந்தியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஜெர்மனி நாலுமே அதில் உண்டு. நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலும் 2022-ல் திருத்தம் கொண்டுவந்து, சைட்டிஸ் பட்டியலில் உள்ளவற்றைத் தனி அட்டவணையாகச் சேர்த்துவிட்டார்கள். காட்டுச் செம்மரத்தைக் கட்டையாக ஏற்றுமதி செய்யத் தடை. பொருளாகச் செய்து அனுப்புவதென்றாலும், சட்டப்படி வாங்கிய மரம் என்பதற்குச் சான்று, ஏற்றுமதி உரிமம், சைட்டிஸ் சான்றிதழ் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஐந்து ஜோடி பொம்மைக்காக இரண்டு மாதத்தில் அதையெல்லாம் முடிக்க முடியும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை தரமாட்டேன்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே திருத்தவேண்டும். “கடையில் பில் போட்டுத்தானே விற்கிறார்கள், அப்புறம் என்ன தப்பு?” என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளூரில் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் ஒன்று, நாட்டை விட்டு வெளியே எடுத்துப்போவது வேறு. கடைக்காரருடைய பில் முதல் விஷயத்துக்குத்தான் துணை நிற்கும். இன்னொன்று, கடையில் செம்மரம் என்று சொல்லி விற்பதெல்லாம் செம்மரமும் இல்லை. வேறு மரத்தைச் செதுக்கிச் சாயம் ஏற்றியதும் உண்டு. அது விமான நிலையத்தில் உங்களைக் காப்பாற்றாது. சிவப்பாகக் கனமாக ஒரு மரப்பொருளைப் பார்த்தாலே அதிகாரி நிறுத்திவைப்பார். என்ன மரம் என்று பரிசோதித்துச் சொல்ல நாளாகும், விமானம் காத்திருக்காது.

சில வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகள் புது வீட்டில் முதல் கொலு வைக்க ஆசைப்பட்டு, வீட்டுப் பழைய மரப்பாச்சியைச் சேலைக்கு நடுவே சுற்றி எடுத்துப்போயிருக்கிறாள். ஸ்கேனரில் தெரிந்துவிட்டது. ஒளித்து வைத்ததுபோல் இருக்கவே விஷயம் பெரிதானது. விசாரணை, எழுத்துமூல விளக்கம், தவறிப்போன விமானம். பொம்மையும் திரும்பி வரவில்லை. “எங்க அம்மா விளையாடின பொம்மை சார்” என்று அவர் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. நம் வீட்டுப் பெண்ணுக்கே இந்தக் கதி. பொம்மை எந்த மரம் என்றுகூடத் தெரியாத ஒரு விருந்தாளியை நாம் அந்த இடத்தில் நிறுத்தக்கூடாது.

“பெட்டியைத் திறக்கமாட்டார்கள்”

போர்டில் இதைச் சொன்னவர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதிதான் ஆபத்து. 1961-ம் வருடத்து வியன்னா ஒப்பந்தத்தின் 36-ம் பிரிவு, தூதருடைய சொந்தப் பெட்டிக்குச் சோதனையிலிருந்து விலக்கு கொடுக்கிறது. ஆனால் அதே பிரிவு, ஏற்றுமதியோ இறக்குமதியோ தடைசெய்யப்பட்ட பொருள் உள்ளே இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்தால் அவர் முன்னிலையிலேயே திறந்து பார்க்கலாம் என்றும் சொல்கிறது. அரசு முத்திரையோடு போகும் தூதரகப் பை என்பது வேறு. அதில் அலுவல் ஆவணங்களும் அலுவல் உபயோகத்துக்கான பொருள்களும்தான் போகலாம், பரிசுப் பொம்மை போக முடியாது.

அதைவிட முக்கியமானது, உங்கள் ஐந்து பேரில் நாலு பேர் தூதரே இல்லை. மாநில அமைச்சரும் மேயரும் அவரவர் ஊரில் பெரிய மனிதர்கள்தான், ஆனால் விமான நிலையத்தில் பயணிகள். துணைத் தூதரக அதிகாரிக்கு 1963-ம் வருடத்து ஒப்பந்தப்படி சில சலுகைகள் உண்டு. அந்தச் சலுகையை நம்பி நாம் அவர் கையில் தடைப்பொருளைக் கொடுத்தால், நாளைக்கு அவர் நம் ஊர்ப் பெயரைக் கேட்டாலே ஒதுங்கிப் போவார்.

தலைவர் வீட்டுக் குத்துவிளக்கு

தலைவருடைய பெரிய மனசுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். விளக்கை வீட்டிலேயே ஏற்றச் சொல்லுங்கள்.

1972-ம் வருடத்துத் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத சிலை, ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள் கணக்கில் வரும். கையெழுத்துச் சுவடி போன்றவற்றுக்கு 75 வருடம் போதும். இப்படிப்பட்ட பொருளை மத்திய அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டை விட்டு அனுப்பக்கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. “எங்க வீட்டுச் சொத்துதானே” என்ற வாதம் இங்கே எடுபடாது, ஏனென்றால் இந்தச் சட்டம் கேட்பது யாருடையது என்பதை அல்ல, எத்தனை வயது என்பதை. விளக்குக்கு உண்மையில் எண்பது வயதுதான் என்றாலும், அது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கித்தான் கிளப்பவேண்டியிருக்கும். நிகழ்ச்சியில் அந்த விளக்கை மேடையில் வைத்து, அமைச்சர் கையாலேயே ஒரு திரி ஏற்றச் சொல்லலாம். தலைவருக்கும் அது பெருமைதான்.

மாமல்லபுரம் உதாரணத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 2019 அக்டோபரில் சீன அதிபருக்கு நாச்சியார்கோவில் அன்னவிளக்கும், ஆடும் சரஸ்வதி தஞ்சாவூர் ஓவியமும், சிறுமுகை நெசவாளர்கள் அவர் முகத்தை நெய்த பட்டுத் துணியும் கொடுத்தது உண்மை. மூன்றும் அருமையான தேர்வு. ஆனால் அது ஒரு அரசு இன்னொரு அரசுக்குக் கொடுத்தது. கட்ட, தூக்க, பதிவு செய்ய ஒரு பட்டாளமே இருந்திருக்கும். உங்கள் மேயர் தன் பெட்டியைத் தானே உருட்டிக்கொண்டு போகிறவர். ஆளுயர விளக்கைக் கொடுத்தால் ஹோட்டல் அறையிலேயே விட்டுவிட்டுப் போவதைத் தவிர அவருக்கு வழியிருக்காது. அந்த மூன்றில் நீங்கள் பின்பற்றவேண்டியது சிறுமுகைக்காரர்கள் செய்ததைத்தான். யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசித்து, அவருக்காகவே நெய்தார்கள்.

வாங்குகிறவருக்கும் சட்டம் உண்டு

நம் ஊரில் பரிசு என்றால் கொடுக்கிறவருடைய தகுதிதான் பேச்சு. அங்கே வாங்குகிறவர்தான் கணக்குக் காட்டவேண்டும். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசு அதிகாரி ஒருவர் வெளிநாட்டு அரசு தரும் பரிசை எந்த மதிப்பு வரை தானே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். 2023 முதல் 2025 வரை அது 480 டாலர். அதற்கு மேல் போனால் பரிசு அமெரிக்க அரசின் சொத்து, 60 நாளுக்குள் ஒப்படைக்கவேண்டும். உங்களுடையது அரசு இல்லை, கம்பெனி. தனியார் தருவதற்கு இதைவிட இறுக்கமான விதிகள் இருக்கும். ஜெர்மனியில் அரசு அலுவலர் தன் பதவி சம்பந்தமாக ஒரு பரிசை வாங்க மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். நம் நாட்டிலும் இப்படித்தான். அமைச்சர்களும் அதிகாரிகளும் வெளிநாட்டில் வாங்கும் பரிசுகள் தோஷக்கானா என்ற கருவூலத்துக்குப் போய், மதிப்புப் போட்ட பிறகே வரம்புக்குள் இருப்பது அவர்கள் கைக்குத் திரும்பும்.

விலை கூடினால் மரியாதை கூடும் என்ற எண்ணமும் தவறு. 2023-ல் நம் பிரதமர் அமெரிக்க அதிபரின் மனைவிக்கு ஏழரை கேரட் வைரம் ஒன்றைக் கொடுத்தார். அந்த வருடம் அதிபர் குடும்பத்துக்கு வந்த பரிசுகளிலேயே அதிக விலையுள்ளது அதுதான், 20,000 டாலர் என்று அவர்களே மதிப்புப் போட்டு வெளியிட்டார்கள். வைரம் வெள்ளை மாளிகையின் கிழக்குப் பகுதியில் அலுவல் உபயோகம் என்று வைக்கப்பட்டது. அந்த அம்மையார் போட்டுக்கொள்ள முடியவில்லை.

இப்போது ஜரிகைப் பட்டுக்கு வருவோம். கணவருக்குக் கொடுத்தால் கணக்கு, மனைவிக்குக் கொடுத்தால் கணக்கில்லை என்று போர்டில் யாரோ நினைத்திருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் மனைவிக்குத் தருவதையும் அதிகாரிக்குத் தந்ததாகவே பார்க்கிறது. மற்ற நாடுகளிலும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அதுவும் நீங்கள் மாங்கூழ் வாங்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் இது. ஒரு அமைச்சரின் மனைவிக்கு மட்டும் தனியாகப் பட்டுப் போனால், நாளைக்கு அவர் நாட்டுப் பத்திரிகை அதைக் கையூட்டு என்று எழுத இடம் கொடுத்ததாகிவிடும். உங்களுக்கு அந்த எண்ணம் துளியும் இல்லை என்று எனக்குத் தெரியும், எழுதுகிறவருக்குத் தெரியாது. ஐந்து பேருக்கும் ஒரே மதிப்புள்ள பரிசு, எல்லோர் முன்னிலையிலும், ஒரே நேரத்தில். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

லட்டைப் பற்றி ஒரு வரி. ஆஸ்திரேலியாவும் ஐரோப்பிய நாடுகளும் பயணிகள் கொண்டுவரும் பால் பொருள்களில் மிகவும் கறார், நெய் சொட்டும் லட்டு வம்பை இழுக்கும். விருந்தின்போது இலையில் வையுங்கள், இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

என் யோசனை: காளஹஸ்தித் துணி

வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். கொடுக்கவேண்டியது உங்களுக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. புத்தூர், ரேணிகுண்டா தாண்டிக் காளஹஸ்தி போனால் கலம்காரி வரைகிறவர்கள் இருக்கிறார்கள். மசூலிப்பட்டினத்திலும் கலம்காரி உண்டு, அது மரஅச்சில் பதிப்பது. காளஹஸ்தியில் கையால் எழுதுகிறார்கள். கலம் என்றால் பேனா. மூங்கில் குச்சியைச் சீவி, முனைக்குச் சற்று மேலே கம்பளியையோ துணியையோ உருண்டையாகச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். அந்த உருண்டை சாயத்தைக் குடித்துக்கொள்ளும், விரலால் லேசாக அமுக்க அமுக்க முனையில் இறங்கும். ஒரு கோடு முழுவதும் அந்த அமுக்கலில்தான் இருக்கிறது.

ஒருமுறை வேறு வேலையாகப் போய், ஒருவர் வீட்டுத் திண்ணையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். காடாத் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். அதன் பால் வாடை தெருமுனை வரைக்கும் அடித்தது. பாலின் கொழுப்பு இருந்தால்தான் சாயம் பரவாமல் நிற்கும் என்றார். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் உருவத்தைக் கோடு போட்டுக்கொண்டு, அதன் மேல் கலத்தால் எழுதினார். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவிட்ட சாறுதான் அவருடைய மை. துணியில் பட்டபோது வெளிறிக் கிடந்த கோடு, கடுக்காயோடு சேர்ந்து என் கண் முன்னாலேயே கறுத்தது. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீரைத் தடவிவைத்திருந்தார். வேர்ச்சாயத்தில் கொதிக்கவைத்து எடுத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்குமாம். மஞ்சளுக்குக் கடுக்காய்ப்பூ, நீலத்துக்கு அவுரி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓடுகிற தண்ணீரில் அலசிக் காயவைக்கவேண்டும். காளஹஸ்திக்காரர்களுக்கு அதற்குத்தான் சுவர்ணமுகி ஆறு.

இந்தக் கலை ஒரு காலத்தில் அணையும் நிலைக்குப் போய், 1950-களின் கடைசியில் கமலாதேவி சட்டோபாத்யாய் எடுத்த முயற்சியில் அங்கே பயிற்சி மையம் வந்து மீண்டது. இன்று அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. துணிக்குப் பிராணி வதை, மரக் கட்டுப்பாடு என்ற தொல்லை எதுவும் கிடையாது. எடை சில நூறு கிராம்தான். சுருட்டினால் கைப்பைக்குள் போய்விடும். உங்கள் பத்தாயிரத்துக்குள் சுவரில் மாட்டும் அளவுக்கு நல்ல துண்டு ஒன்று கிடைக்கும்.

என்ன படம் எழுதச் சொல்வது? பெருமாள் படம் என்று உங்கள் கை போகும். விருந்தாளியின் மதம், அவர் வீட்டுப் பழக்கம் நமக்குத் தெரியாது. மேஜை விரிப்பாகப் போட்டுவிட்டால் மனசு புண்படப்போவது நாம்தான். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கலம்காரியில் வாழ்க்கை மரம் என்று பழைய வடிவம் ஒன்று உண்டு, கிளை நிறையப் பூவும் பறவையுமாக இருக்கும். அதை மாமரமாக எழுதச் சொல்லுங்கள். காய்கள் கிளிமூக்கு மாங்காயாக, கிளைகளில் கிளிகளாக இருக்கட்டும். உங்கள் ஆலையில் கூழாவது பெரும்பாலும் கிளிமூக்குதானே? விருந்தினர்கள் காலையில் தோட்டத்தில் பார்த்த மரத்தை மாலையில் துணியில் பார்ப்பார்கள். ஐந்து துணியும் ஒரே அச்சாக இருக்கவேண்டாம். எழுதுகிறவரிடமே விட்டுவிடுங்கள், ஒவ்வொன்றிலும் கிளி வேறு மாதிரி உட்காரும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க, துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் எழுதியதில் கோடு பின்பக்கமும் இறங்கியிருக்கும், தடிப்பும் மெலிவும் மாறிமாறி வரும். ஒரே பூ நாலு இடத்தில் மயிரிழை பிசகாமல் அப்படியே இருந்தால் அது அச்சு. நல்ல அச்சுத் துணியும் அழகுதான். அதைக் கையால் எழுதியது என்று சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் தவறு. புவிசார் குறியீட்டைப் பொய்யாகப் போட்டு விற்றால் 1999-ம் வருடத்துச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நீங்கள் விற்கவில்லை என்றாலும், அந்த முத்திரையை நீங்களாகவே அச்சடித்து ஒட்டாதீர்கள். எழுதுகிறவர் பதிவு பெற்ற பயனாளர் என்றால் அவரிடமே முத்திரை இருக்கும்.

மரத்தில்தான் கொடுக்கவேண்டும் என்று போர்டு பிடிவாதம் பிடித்தால், ஏர்ப்பேடு பக்கத்தில் மாதவமாலையில் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேம்பு மாதிரிச் சாதாரண மரத்தில் சின்னதாகச் செய்து தரக் கேளுங்கள். பட்டை ஒட்டியிருக்கக்கூடாது, பூச்சித் துளை ஒன்றுகூட இருக்கக்கூடாது, என்ன மரம் என்று பில்லில் எழுதியிருக்கவேண்டும். ஆஸ்திரேலியாவில் மரப்பொருள் எதுவானாலும் இறங்கியதும் சொல்லிக் காட்டவேண்டும் என்பதையும் அமைச்சரின் உதவியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனக்கென்னவோ துணிதான் மேல்.

கட்டிக் கொடுக்கும்போது

துணியைக் கெட்டி அட்டைக் குழலில் சுருட்டிக் கொடுங்கள். மூங்கில் குழலில் போட்டால் பாந்தமாக இருக்கும் என்று தோன்றும், ஓலைப் பெட்டியும் வைக்கோலும் தோன்றும். அவையெல்லாம் செடியிலிருந்து வந்த பொருள்கள். பரிசு தாண்டினாலும் பெட்டி சுங்கத்தில் நிற்கும். கண்ணாடிச் சட்டமும் வேண்டாம்.

உள்ளே ஒரு சிறு அட்டை வையுங்கள். எழுதியவர் பெயர், அவர் சம்மதத்தோடு. ஊர், எந்தெந்தச் சாயம், எப்படி அலசவேண்டும். நாலு வரி போதும். நம் பரிசுகளில் கம்பெனி பெயர் பொன்னெழுத்தில் இருக்கும், செய்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. பல வருடமாக என் மனதை உறுத்தும் விஷயம் இது. உங்கள் முத்திரையைக் குழலின் வெளியே ஒட்டிக்கொள்ளுங்கள். துணியின் மேல் கம்பெனிப் பெயரை எழுதச் சொல்லவே வேண்டாம்.

விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுப்பது நம் மரியாதை. செய்யுங்கள். ஆனால் அவர்கள் கணக்குக் காட்ட மதிப்பு தெரிந்தாகவேண்டும். பில்லின் நகலை உறையில் போட்டு, விருந்தினரிடம் கொடுக்காமல் கூட வரும் அதிகாரியிடம் கொடுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்கள் சங்கடத்தோடு போன் செய்து கேட்பார்கள். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பே, “இன்ன பொருள், இன்ன மதிப்பு, வாங்கிக்கொள்ள ஆட்சேபம் உண்டா?” என்று ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. இதைக் கேட்டால் அவமரியாதை என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு அது பெரிய உதவி.

உங்கள் பக்கத்தில் போர்டு தீர்மானம், கம்பெனி பெயரில் பில், வங்கி வழியாகப் பணம். பரிசாகக் கொடுக்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது, ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அவர்கள் உங்களுக்குத் தரும் பரிசு கம்பெனிக்கு வந்த பொருள். பதிவேட்டில் எழுதி அலுவலகத்திலேயே வையுங்கள், யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். மேடையில் எம்.எல்.ஏ.வோ அரசு அதிகாரியோ இருந்தால் அவர்களுக்கு 2010-ம் வருடத்து வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் தனி விதி இருக்கிறது. விருந்தினர்கள் அவர்களுக்கும் ஏதாவது தருவதாக இருந்தால், நீங்கள் இடையில் நின்று வாங்கித் தராதீர்கள். அவர்களே நேராகப் பேசிக்கொள்ளட்டும்.

மரப்பாச்சியை விட மனசு வராது என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு ஜோடியை நிகழ்ச்சியன்று வரவேற்பு மேஜையில் வையுங்கள். புதுத் துணி உடுத்தி, பக்கத்தில் உரசுகிற கல்லும் ஒரு கிண்ணம் தண்ணீரும் இருக்கட்டும். அமைச்சரின் மனைவி கையில் எடுத்துப் பார்க்கட்டும், கல்லில் உரசிச் சிவப்பு எப்படி வருகிறது என்று காட்டுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். சாயங்காலம் பொம்மை உங்களோடு வீட்டுக்குத் திரும்பிவிடும்.

கலம்காரியை அவசரப்படுத்த முடியாது. மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது, காயாமல் அடுத்த நிறம் ஏறாது. அதனால் இந்த வாரமே காளஹஸ்திக்குப் போய் வாருங்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கொடுங்கள், மீதியைத் துணி கைக்கு வந்த அன்றே கொடுத்துவிடுங்கள். போகும்போது உங்கள் தோட்டத்துக் கிளிமூக்கு மாங்காய் நாலைக் கொத்தாகக் காம்போடு எடுத்துக்கொண்டு போங்கள். எழுதுகிறவர் பார்த்து எழுதட்டும்.